போகும் நேரம் 50 நிமிடம், திரும்பும் நேரம் 170 நிமிடம்!

மாணவ நண்பர்களே, விமானக் கால அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் கால அட்டவணையைப் போன்றதுதான் அதுவும். புறப்படும் ஊர், சேரும் ஊர், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியவை வரிசையாக இருக்கும். ரயில் அட்டவணையில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும். விமான அட்டவணையில் அவ்வாறு கழித்தால் சில சமயம் வேடிக்கையான விடைகள் வரும்.

எடுத்துக்காட்டாக, சிங்கப்பூருக்கும் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகருக்கும் இடையே பறக்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது சிங்கப்பூரில் காலை 8.00 மணிக்குப் புறப்பட்டு ஜகார்த்தாவை 8.50-க்கு அடைகிறது. அதே விமானம் ஜகார்த்தாவில் 10.00 மணிக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரைப் பகல் 12.50-க்கு அடைகிறது. போவதற்கு 50 நிமிடம். வருவதற்கு 2 மணி 50 நிமிடம், அதாவது 170 நிமிடம்!

இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட வான்தொலைவு சுமார் 880 கி.மீ. (இதை எவ்வாறு கணக்கிடுவது என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.) 880 கி.மீ. தொலைவை 50 நிமிடத்தில் கடக்க, மணிக்கு 1,056 கி.மீ. வேகம் வேண்டும். விமானங்கள் பறக்கும் உயரத்தில் அது ஏறக்குறைய ஒலியின் வேகம். திரும்பும்போதோ வேகம் மணிக்கு 311 கி.மீ. தான். ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் நகருக்கு 2023 முதல் ஓடும் அதிவேக ரயிலே மணிக்கு 350 கி.மீ. வரை செல்கிறது. ரயிலை விடவா விமானம் மெதுவாகப் பறக்கும்?

என் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் இந்தப் புதிரைக் கொடுத்தேன். "போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, வரும்போது எதிர்க்கிறது" என்றான் ஒருவன். "பூமி சுழல்கிறதல்லவா, அதனால் ஒரு பக்கம் ஊர் நம்மை நோக்கி வருகிறது" என்றாள் மற்றொருத்தி. இரண்டும் சிந்தித்துச் சொன்ன விடைகளே. ஆனால் இரண்டும் சரியல்ல. காற்று ஒன்றுதான் காரணம் என்றால், அது இடைவிடாமல் மணிக்கு 370 கி.மீ. வேகத்தில் வீசவேண்டும். அந்தப் பகுதியில் நாள்தோறும் அப்படி வீசுவதில்லை. பூமி சுழல்வது உண்மையே. ஆனால் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, அதிலுள்ள விமானமும் சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து நம் கைக்கே திரும்பி வருவதைப் போன்றது இது.

இரண்டு சமன்பாடுகள் போதும்

உண்மையான பயண நேரம் ப நிமிடம் எனக் கொள்வோம். ஜகார்த்தாவின் கடிகாரம் சிங்கப்பூர்க் கடிகாரத்தைவிட க நிமிடம் பின்தங்கியிருப்பதாகவும் கொள்வோம். போகும்போது கடிகாரம் க நிமிடத்தை நமக்கு மிச்சப்படுத்திக் காட்டும். வரும்போது க நிமிடத்தைக் கூட்டிக் காட்டும். எனவே,

ப – க = 50
ப + க = 170

இரண்டையும் கூட்டுங்கள். 2ப = 220; ஆகவே ப = 110 நிமிடம். கழித்தால் க = 60 நிமிடம். விமானம் போவதும் வருவதும் 1 மணி 50 நிமிடம். இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி. தேசப்படமோ தொலைவோ தெரியாமலே, வெறும் கால அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்துவிட்டோம்!

இதில் ஓர் ஊகம் மறைந்திருப்பதைக் கவனித்தீர்களா? போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகும் என்று நாம் எடுத்துக்கொண்டோம். அது சரிதானா என்பதைக் காற்றைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

சூரியனும் கடிகாரமும்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முந்தி உதிக்கும். சிங்கப்பூர் விமான நிலையத்தின் தீர்க்கரேகை கிழக்கு 103.99 பாகை, ஜகார்த்தா விமான நிலையத்தின் தீர்க்கரேகை கிழக்கு 106.66 பாகை. ஜகார்த்தா 2.67 பாகை கிழக்கே இருக்கிறது. எனவே அங்கே நண்பகல் சிங்கப்பூரைவிட ஏறத்தாழ 10½ நிமிடம் முந்தி வரவேண்டும், வரவும் செய்கிறது. ஆயினும் அதன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது! இது என்ன விந்தை?

கடிகாரத்தைச் சூரியன் வைப்பதில்லை; அரசாங்கம் வைக்கிறது. சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி அதன் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறக்குறைய 7 மணி முன்னால் இருக்கவேண்டும். 1981 முடியும்வரை அங்கே 7½ மணி முன்னால் வைத்திருந்தார்கள். 1982 ஜனவரி 1 முதல், மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் சபா, சரவாக் பகுதிகளுக்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தது. அண்டை நாடான சிங்கப்பூரும் அதைப் பின்பற்றி, 8 மணி முன்னால் என்று மாற்றிக்கொண்டது. இந்தோனேசியா கிழக்கு மேற்காக மிக நீண்ட நாடாதலால் அங்கு மூன்று நேர மண்டலங்கள் உள்ளன. ஜகார்த்தா இருக்கும் மேற்கு மண்டலம் 7 மணி முன்னால் உள்ளது. இதன் பயனாக, சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் 12 அடிப்பதில்லை. ஏறக்குறைய பகல் 1 மணி ஆகியிருக்கும்.

தொலைவைக் கணக்கிடுவோம்

இனித் தொலைவுக்கு வருவோம். இதற்கு வேண்டியவை நான்கு எண்களே. தீர்க்கரேகைகளை மேலே கண்டோம். அட்சரேகைகள்: சிங்கப்பூர் வடக்கு 1.36 பாகை, ஜகார்த்தா தெற்கு 6.13 பாகை.

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொண்டால் அதன் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. இதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று கிடைக்கும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது எங்கும் ஏறத்தாழ இந்தத் தொலைவுதான். தீர்க்கரேகையில் ஒரு பாகை, துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் குறுகும். ஆனால் நம் இரு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கு அதையும் 111.2 கி.மீ. என்றே வைத்துக்கொள்ளலாம்.

வடக்கு தெற்காக: 1.36 + 6.13 = 7.49 பாகை, 7.49 × 111.2 = 833 கி.மீ.
கிழக்கு மேற்காக: 2.67 × 111.2 = 297 கி.மீ.

இவை இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். கர்ணம் காண உங்களுக்குத் தெரிந்த பிதாகரஸ் தேற்றம் போதும். 833-இன் வர்க்கத்தையும் 297-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 884 கி.மீ. வருகிறது.

பூமியோ உருண்டை; பிதாகரஸ் தேற்றமோ தட்டையான தளத்துக்கு உரியது. எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பூமியின் முழுச் சுற்றில் நாம் எடுத்துக்கொண்டது 8 பாகைக்கும் குறைவான ஒரு சிறு துண்டு. அதுவும் பூமத்திய ரேகையை ஒட்டியது. அங்கே தீர்க்கரேகைகள் கிட்டத்தட்ட இணைகோடுகளாகவே இருக்கின்றன. ஆகவே பிழை மிகச் சிறியது. டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு இந்த முறை உதவாது. அதற்குக் கோள முக்கோணக் கணிதம் வேண்டும்.

ஆனால் துல்லியமாக அளந்த தொலைவு 884 அல்ல, சுமார் 880 கி.மீ. அந்த 4 கி.மீ. எங்கே போயிற்று? பூமி சரியான கோளமன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. பூமத்திய ரேகையில் அதன் ஆரம் 6,378 கி.மீ.; துருவத்தில் 6,357 கி.மீ. இதனால், வடக்கு தெற்காகப் போகும்போது, பூமத்திய ரேகைக்கு அருகே பூமியின் மேற்பரப்பு சற்று அதிகமாக வளைந்திருக்கிறது. வளைவு அதிகமானால் ஒரு பாகைக்குரிய வில்லின் நீளம் குறையும். அங்கே அட்சரேகையில் ஒரு பாகை 110.6 கி.மீ. தான். இந்த எண்ணைப் போட்டு மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள், 880 வந்துவிடும். ஒரு சாதாரண விமானப் பயணத்தின் கணக்கிலேயே பூமியின் தட்டையான உருவம் எட்டிப் பார்க்கிறது அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கைச் செய்த என் மாணவர்களில் சிலர் 6.13-இலிருந்து 1.36-ஐக் கழித்துவிட்டார்கள். ஒரு நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே, மற்றது தெற்கே என்பதை மறந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை 608 கி.மீ. உண்மைத் தொலைவைவிட ஏறத்தாழ 275 கி.மீ. குறைவு. தேர்வுத்தாளில் இதற்கு இரண்டு மதிப்பெண் போகும். விமானத்தில் இதை நம்பி எரிபொருள் நிரப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

62 நிமிடம் ஏன் 110 ஆயிற்று?

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். 880-ஐ 850-ஆல் வகுத்தால் 62 நிமிடம். நாம் கண்டுபிடித்ததோ 110 நிமிடம். மீதி 48 நிமிடம் எங்கே?

850 கி.மீ. என்பது 10, 11 கி.மீ. உயரத்தில் சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். புறப்பட்ட விமானம் அந்த உயரத்துக்கு ஏறவேண்டும், பிறகு இறங்கவேண்டும். 3 கி.மீ. உயரத்துக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ. வேகத்துக்கு மேல் பறக்க விடுவதில்லை. ஏறுவதற்கு ஏறக்குறைய 200 கி.மீ., இறங்குவதற்கு ஏறக்குறைய 220 கி.மீ. தொலைவு ஆகிவிடும். மீதி 460 கி.மீ. மட்டுமே முழு வேகத்தில் பறக்கக் கிடைக்கிறது. தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம்:

ஏறுதல் – 20 நிமிடம்
சமமாகப் பறத்தல் – 33 நிமிடம்
இறங்குதல் – 24 நிமிடம்
ஓடுபாதையின் திசைக்குத் திரும்பி வளைந்து வருதல் – 8 நிமிடம்
இரு விமான நிலையங்களிலும் தரையில் ஊர்ந்து செல்லுதல் – 25 நிமிடம்

கூட்டினால் 110 நிமிடம். அட்டவணையில் காட்டப்படும் நேரம், விமானம் ஒரு நிலையத்தில் நின்ற இடத்தை விட்டு அசையும் கணத்திலிருந்து மற்ற நிலையத்தில் போய் நிற்கும் கணம்வரை உள்ள நேரமாகும். வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. எனவே குறுகிய பயணங்களில் "தொலைவு ÷ வேகம்" என்ற சூத்திரம் நம்மை ஏமாற்றிவிடும். தொலைவு கூடக்கூட இந்த ஏமாற்றம் குறையும். ஏனெனில் ஏறுவதும் இறங்குவதும் எல்லாப் பயணங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு சுவையான செய்தி. பூமத்திய ரேகை சிங்கப்பூருக்கு மிக அருகில் இருப்பதால், விமானம் மேலெழுந்து சுமார் கால் மணி நேரத்தில், இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, வட அரைக்கோளத்திலிருந்து தென் அரைக்கோளத்துக்குச் சென்றுவிடுகிறது.

காற்று என்ன செய்யும்?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மேற்கே போக ஏறக்குறைய 8 மணி நேரமும், கிழக்கே வர ஏறக்குறைய 7 மணி நேரமும் ஆகின்றன. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று வீசுகிறது. வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடும், பூமியின் சுழற்சியால் காற்றைத் திசைதிருப்பும் கொரியாலிஸ் விசையும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியிலோ எங்கும் ஏறத்தாழ ஒரே வெப்பம். கிடைத்தளத்தில் கொரியாலிஸ் விசையும் அங்கே சுழியாகிவிடுகிறது. ஆகவே அங்கு அத்தகைய காற்றோட்டம் நிலைத்திருப்பதில்லை.

அதோடு, நம் விமானம் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் போகிறது. அங்கே மேல்வானில் காற்று பெரும்பாலும் கிழக்கு மேற்காக வீசுகிறது. எனவே அது பெரும்பாலும் பக்கக் காற்று. ஆற்றைக் குறுக்கே கடக்கும் படகின் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மணிக்கு 850 கி.மீ. வேகமுள்ள விமானத்தை மணிக்கு 60 கி.மீ. வேகமுள்ள காற்று பக்கத்திலிருந்து தாக்குகிறது எனக் கொள்வோம். விமானி கவனிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் 60 கி.மீ. விலகிப் போய்விடுவார். காற்று வரும் பக்கமாக 4 பாகை மூக்கைத் திருப்பி வைத்தால் நேர்கோட்டில் செல்லலாம். அப்போது தரையைச் சார்ந்த வேகம் மணிக்கு 848 கி.மீ.; இழப்பு 2 கி.மீ. மட்டுமே. போகவும் வரவும் ஒரே நேரம் என்று நாம் கொண்ட ஊகம் இந்த வழிக்கு நியாயமானதே. லண்டன்–நியூயார்க் வழிக்கு அதே இரண்டு சமன்பாடுகளைப் போட்டால் பிழையான விடைதான் கிடைக்கும்.

நேர்கோட்டில் போக முடியாத நாட்கள்

அந்தப் பகுதியில் காற்றைவிடத் தொல்லை தருபவை இடிமேகங்கள். வெப்ப மண்டலத்தில் இவை 15 கி.மீ. உயரத்துக்கு மேலும் வளரக்கூடும். விமானங்கள் 12, 13 கி.மீ.க்கு மேல் ஏறமுடியாது. எனவே தாண்டிப் போக வழியில்லை, சுற்றித்தான் போகவேண்டும். வழியின் நடுவில் நிற்கும் ஒரு மேகத்துக்காக 30 கி.மீ. விலகவேண்டும் என்க. புறப்பட்ட இடத்திலிருந்தே சற்றுச் சாய்ந்து போய், அதேபோல் சாய்ந்து திரும்பினால், அதிகப்படியான தொலைவு 2 கி.மீ. மட்டுமே. மேகத்துக்கு 60 கி.மீ. முன்னே வந்தபிறகு திரும்பி, அதைத் தாண்டி 60 கி.மீ.க்குள் பழைய வழிக்கு வந்தால் 14 கி.மீ. அதிகமாகும். பிதாகரஸ் தேற்றத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேகத்தைத் தொலைவிலேயே காட்டும் ரேடார் விமானத்தின் மூக்கில் ஏன் இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

ஆனால் ரேடாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 1982 ஜூன் 24 அன்று இரவு, கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் ஜாவாத் தீவின் தெற்கே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அது புகுந்துவிட்டது. சாம்பல் உலர்ந்த நுண்துகள்களால் ஆனது. மழைத்துளிகளைக் காட்டும் ரேடாரில் அது தென்படவில்லை. துகள்கள் எஞ்சினின் வெப்பத்தில் உருகி உள்ளே ஒட்டிக்கொண்டன. விமானம் எஞ்சினின்றிச் சறுக்கியபடியே கீழிறங்கிச் சாம்பலை விட்டு வெளியே வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கிற்று. அனைவரும் உயிர் பிழைத்தனர். பின்னர் சாம்பலைக் கண்காணிக்க உலகில் ஒன்பது மையங்கள் அமைக்கப்பட்டன. இந்தோனேசிய வானத்தைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம். அது எச்சரித்தால் விமானங்கள் சுற்றிப் போகும்; அன்று 880 கி.மீ. என்ற எண்ணுக்குப் பொருளில்லை.

கணக்குப் பிழைத்தால்?

பஸ்ஸில் டீசல் தீர்ந்தால் ஓரமாக நிறுத்தலாம். விமானத்தை எங்கே நிறுத்துவது? அப்படியானால் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். எரிபொருளுக்கும் எடை உண்டு. அந்த எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் எரியும். ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கிட்டே நிரப்புகிறார்கள். பயணத்துக்கு வேண்டியதோடு, எதிர்பாராதவற்றுக்காகப் பொதுவாக அதில் 5 சதவீதம். ஜகார்த்தாவில் இறங்க முடியாவிட்டால் வேறொரு விமான நிலையத்துக்குச் செல்ல வேண்டியது. அதற்கும் மேலாக, அரை மணி நேரம் வானில் வட்டமிட வேண்டியது. காற்று, மேகம், சாம்பல், கூட்டம் மிகுந்த ஓடுபாதை எல்லாவற்றுக்கும் இந்தச் சேமிப்பே காப்பு. ஆனால் கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டால், 5 சதவீதம் எந்த மூலைக்கு? நம் மாணவர்கள் செய்த பிழை 30 சதவீதத்துக்கும் மேல்!

இனி நீங்களே ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையம் வடக்கு 2.75 பாகை, கிழக்கு 101.71 பாகை. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் வடக்கு 13.69 பாகை, கிழக்கு 100.75 பாகை. மலேசியக் கடிகாரம் தாய்லாந்துக் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் உள்ளது. தொலைவு சுமார் 1,215 கி.மீ. என வரவேண்டும். பயண நேரத்தை மேலே கண்டபடி ஐந்து பகுதிகளாகப் பிரித்து மதிப்பிடுங்கள். கோலாலம்பூரில் 9.00 மணிக்குப் புறப்படும் விமானம் பாங்காக்கில் எத்தனை மணிக்கு இறங்கும்?

தொடங்குமுன் ஒன்றை மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்: இந்த முறை அட்சரேகைகளைக் கூட்டவேண்டுமா, கழிக்கவேண்டுமா?